ஒரு லேப்டாப்புக்குத் திறப்பு விழா

லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு அதன் அடிப்பலகையைக் கழற்றியிருந்தாள் ஜோவிலின். திருகாணிகள், பூட்டோ என்கிற அரிசி அப்பம் வேகவைக்கிற அச்சுக் கிண்ணங்களில் வகைவாரியாகக் கிடந்தன. எங்கள் ஊராட்சி மன்றம் முழுவதும் மேசையைச் சுற்றி நின்றது. வரவுசெலவுக் கணக்கு நிறைவேறிய அன்றுகூட இத்தனை பேர் வந்ததில்லை. திருகாணி பறந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டாள். பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற ஆண்களைப் போல வியர்த்து வழிந்தபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மன்றத்தின் அறிவியல் தொழில்நுட்பக் குழுவுக்கு நான் தலைவன். குழுக்களைப் பங்கிட்ட அன்று நான் கூட்டத்துக்குப் போகவில்லை. அதுதான் என் தகுதி.

ஜோவிலின் எங்கள் ஊராட்சிச் செயலாளர். இந்தப் பனாய் தீவில் யார் எந்த வேலைக்குப் போவதென்றாலும் ஊராட்சியின் நற்சான்றிதழ் வேண்டும். அதை அவள் அடித்துக் கொடுக்கவேண்டும், கப்பித்தான் கையெழுத்துப் போடவேண்டும். கப்பித்தான் என்றதும் கப்பலைத் தேடவேண்டாம். ஊராட்சித் தலைவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருடைய கையெழுத்து எந்நேரமும் கிடைக்கும். லேப்டாப்தான் கிடைக்காது. பொத்தானை அமுக்கிவிட்டு, கடைக்குப் போய் ரொட்டி வாங்கி, கடைக்காரியின் மருமகளைப் பற்றிய புகார்களை முழுசாகக் கேட்டுவிட்டு அவள் திரும்பி வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபோனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். மன்றத்தில் எழுந்து நின்று, "எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கிக் குடுங்க. நானே மாட்டிக்கிறேன்" என்றாள். எஸ்எஸ்டி என்றால் என்னவென்று தெரியாததால், குழுத்தலைவன் என்ற முறையில் நான் தலையாட்டினேன்.

"எங்க, புது டிஸ்க்கக் காட்டு இண்டாய்" என்று குனிந்தார் கப்பித்தான் எலியூத்தேரியோ சுமகைசாய். சின்னப் பெண்களை இங்கே ‘இண்டாய்’ என்றுதான் கூப்பிடுவோம்.

இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். சீட்டுக்கட்டு அளவில் தட்டையாக, கறுப்பாக இருந்தது. கப்பித்தான் அதை உள்ளங்கையில் வாங்கி எடை பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இவ்வளவுதானா? இதுல சுத்துறது எது?"

"ஒண்ணும் சுத்தாது கப்பித்தான். அதான் இதுல விசேஷம். பழசுல தட்டு சுத்தணும், ஒரு முள்ளு வந்து தேடிப் பிடிக்கணும். இதுல தேடுற வேலையே இல்ல."

"கனமே இல்லையே. எட்டடி பிளெக்ஸுக்குச் சொல்லியாச்சேடா ராடோ" என்று என்னைப் பார்த்தார், குற்றம் என்னுடையது என்பதுபோல. பிளெக்ஸின் மாதிரியை நான் பார்த்திருந்தேன். வெள்ளை பரோங் சட்டையில் கப்பித்தான் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருப்பார். மூலையில், அந்தக் கட்டைவிரலின் நகத்தளவுக்கு ஒரு லேப்டாப் இருக்கும்.

"அப்ப பழச தூக்கிப் போட்டுருவியா?"

"எதுக்குப் போடணும்? அது கெட்டுப்போகல, மெதுவாயிருச்சு. ஓடச் சொன்னா மூச்சு வாங்கும். ஒரு பக்கம் உக்கார வச்சா நல்லா உக்காந்துக்கும்." இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. "டிவிடி இருக்குற எடத்துல அத வச்சிருவேன். யாரு இப்ப டிவிடி போடுறா? புதுசுல லேப்டாப் ஓடும். ஃபோட்டோ, பழைய ஃபைலு எல்லாம் பழசுல கிடங்கு மாதிரி கிடக்கும்."

"அப்ப டிஸ்க்கு ரெண்டா?"

"ரெண்டு."

கப்பித்தான் நிமிர்ந்தார். "ராடோ, பிளெக்ஸ் கடைக்கு ஃபோன் போடு. இன்னொண்ணு அடிக்கச் சொல்லு. திட்டம் ரெண்டு."

பழையதில் இருந்ததையெல்லாம் முந்தின நாளே ஒரு வயர் போட்டுப் புதியதற்கு நகலெடுத்து வைத்திருந்தாள். பழையதை உருவிவிட்டுப் புதியதை அந்த இடத்தில் தள்ளினாள். டிவிடி பெட்டியை மேசை இழுப்பறைபோல வெளியே இழுத்தாள். அதே அளவுக்கு விற்கிற ஒரு சட்டத்தில் பழையதைப் பொருத்தி, அந்த ஓட்டையில் செருகினாள். ‘டக்’ என்று உட்கார்ந்தது. எங்களில் இரண்டு பேர் மூச்சு விட்டார்கள். பலகையை மூடி முடுக்கியதும் ஒரு திருகாணி மிஞ்சியது. அவள் அதைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

பொத்தானை அமுக்கினாள். பழக்க தோஷத்தில் நான் நாற்காலியைத் தேடிப் போனேன். உட்காருவதற்குள் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால் திரை வந்துவிட்டது. வட்டம் இல்லை, கறுப்புத் திரை இல்லை. கேட்டதும் கதவைத் திறந்த வீடுபோல எல்லாம் தயாராக இருந்தது. ஜோவிலின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னொரு தடவ அணைச்சுப் போடு" என்றார் பொருளாளர். போட்டாள். "இன்னொரு தடவ." குடைராட்டினத்தைவிட்டு இறங்க மனமில்லாத பிள்ளைகள் போலக் கெஞ்சிக்கொண்டிருந்தோம். அரசாங்கப் பொருள் ஒன்று சொன்ன நேரத்துக்குமுன் வேலை செய்ததை நாங்கள் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

"போதும், மூடு" என்றார் கப்பித்தான். "இனி யாரும் தொடக்கூடாது. நாளைக்கு மேயர் வந்து ரிப்பன் வெட்டித் திறப்பாரு."

ஜோவிலினின் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. "நாளைக்குத்தான மீன் டப்பா கம்பெனிக்கு ஆளெடுக்குறாங்க. பாதி ஊரு நற்சான்றுக்கு நிக்குது. பத்து மணி ஜீப்னி வண்டிய விட்டா இலோயிலோ டவுனுக்குப் போய்ச் சேர முடியாது."

"மேயர் எட்டு மணிக்கு வர்றாரு. ரெண்டு மணி நேரம் இருக்கே. உன் மிஷினுதான் பறக்குதே."

எங்கள் மேயரின் எட்டு மணி எப்போது வரும் என்பது கப்பித்தானைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் கூடத்தில் இரண்டு கப்பித்தான்கள் பிளெக்ஸில் சிரித்தார்கள். மூன்றாமவர் கீழே உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பின்மேல் சிவப்பு ரிப்பனும் நீல ரிப்பனும் குறுக்கும் நெடுக்குமாக ஓடின, டிஸ்க்குக்கு ஒன்றாக. பாதிரியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். ஜோவிலின் முன்யோசனையாக ஒரு பிளாஸ்டிக் பையால் லேப்டாப்பை மூடியிருந்தாள். "ஆசீர்வாதம் உள்ள போயிரும் ஃபாதர், தண்ணிதான் போகக்கூடாது" என்றாள். நூடுல்ஸ் தட்டின்மேல் ஈக்கள் வந்தன. மேயர் வரவில்லை.

சுவரோரமாக வரிசை வாசலைத் தாண்டி நீண்டிருந்தது. கடைசியில் நின்றவன் ஆர்னெல், ஜோவிலினின் புருஷன். புயலில் படகு போனதிலிருந்து அவன் கடலுக்குப் போகவில்லை. பெண்டாட்டி செயலாளராக இருக்கும்போது அவன் முன்னால் நின்றால் ஊர் பேசும் என்று அவள்தான் கடைசிக்கு அனுப்பியிருந்தாள். ஒன்பது அடித்தது. வெளியே ஜீப்னி ஓட்டுநர் ஹாரனை லேசாகத் தட்டிப் பார்த்தார்.

நான்தான் விழாவின் அறிவிப்பாளன். மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்ற என் பக்கத்தில் வந்து ஜோவிலின் குசுகுசுத்தாள். அவளுக்கு நான் ‘மனோங்’, அண்ணன் முறை.

"மனோங், பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"கப்பித்தானப் பத்திப் பேசுங்க. தன் பேரு காதுல விழுந்துட்டா அவருக்குக் கண்ணு தெரியாது."

பேசினேன். அவர் பிறந்தபோது கோழி கூவியதில் ஆரம்பித்தேன். கூவியிருக்கும், ஊரில் எந்தக் காலையிலும் கோழி கூவும். பள்ளிக்கூடத்தில் அவர் ஒரே வகுப்பில் இரண்டு வருஷம் இருந்ததை ‘ஆழ்ந்து கற்றார்’ என்றேன். கப்பித்தான் கண்ணை மூடித் தலையசைத்தார். ஓரக்கண்ணால் பார்த்தேன். ஜோவிலின் ரிப்பன்களை முடிச்சு அவிழ்க்காமல், பொட்டலத்திலிருந்து நூலை உருவுகிற மாதிரி ஓரமாகத் தள்ளிக் கழற்றிவிட்டாள். மூடி திறந்தது. உடனே திரை வந்தது. பிரிண்டர் இருமிக்கொண்டு எழுந்தபோது நான் அவருடைய சாக்கடைத் திட்டத்துக்குத் தாவிக் குரலை உயர்த்தினேன்.

முதல் தாளை அவர் முன்னால் நீட்டினாள். என்னைப் பார்த்துப் புன்னகைத்தபடியே கையெழுத்துப் போட்டார். இரண்டாவது, மூன்றாவது. கை தன்பாட்டில் ஓடியது. கையெழுத்து வாங்கியவர்கள் தாளை ஊதிக்கொண்டு வெளியே ஓடினார்கள். சாக்கடையிலிருந்து தெருவிளக்குக்கு வந்துவிட்டேன். அந்த மூன்று விளக்கையும் எவ்வளவு நேரம் எரிய விடுவது? கப்பித்தானின் பேனா நின்றது.

"இண்டாய், இதெல்லாம் எங்கேருந்து வருது?"

நான் மைக்கைக் கீழே இறக்கினேன்.

"உங்க திட்டத்துலேருந்துதான் வருது, கப்பித்தான்" என்றாள் ஜோவிலின். சொல்லிக்கொண்டே அடுத்த தாளையும் நீட்டினாள்.

அவர் திறந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தார். பக்கத்தில் கழன்று கிடந்த ரிப்பன்களைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். மேலே இரண்டு முகங்கள் எட்டடிக்குச் சிரித்துக்கொண்டிருக்க, ஒருவர்கூட அங்கே பார்க்கவில்லை. எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேனா காயுது. வேற குடு" என்றார். கொஞ்சம் பொறுத்து, என் பக்கம் திரும்பாமலே, "நீ ஏன் நிறுத்திட்ட?" என்றார்.

ஆர்னெலின் முறை வந்தபோது தூரத்தில் சைரன் கேட்டது. மேயர். ஜீப்னி நிரம்பி, கூரைமேலும் ஆட்கள் ஏறி, இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. மாலையும் கையுமாகக் கப்பித்தானின் மனைவி வாசலிலிருந்து கூப்பிட்டாள். கப்பித்தான் எழுந்தார். ஆர்னெலின் தாள் பிரிண்டரில் பாதி வந்து நின்றது.

"இழு அத" என்றார் கப்பித்தான்.

"இழுக்காதீங்க, கிழிஞ்சிரும்" என்றாள் ஜோவிலின்.

பிரிண்டர்முன் மூவரும் குனிந்து நின்றார்கள். "அடுத்த திட்டம் இந்தச் சனியன்தான்" என்று கப்பித்தான் பல்லைக் கடித்தார். தாள் ஒரு விக்கலோடு வெளியே விழுந்தது. ஆர்னெலைத் திருப்பி நிறுத்தி, அவன் முதுகின்மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "ஓடு."

வெளியே போனோம். வயல்களுக்கு நடுவே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாதையில், புறப்பட்ட ஜீப்னியும் மேயரின் வெள்ளைக் காரும் மூக்கோடு மூக்கு நின்றன. இரண்டு பக்கமும் நாற்று, முழங்கால் சேறு. யாராவது ஒருவர் பின்னால் போகவேண்டும். ஹாரன்கள் அலறின. எல்லோரும் கப்பித்தானைப் பார்த்தார்கள். அவர் ஒருகணம் இரண்டு வண்டிகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு பரோங் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஓரச்சேற்றில் கால் புதையக் காருக்குப் பின்னால் போய் நின்றார். அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, பேருந்து நடத்துனர்போலக் கையை அசைத்தார்.

"வரட்டும் மேயர், வரட்டும், வரட்டும். லேசா இடது."

சைரனை அணைக்க மறந்த கார் பின்புறமாக நகரத் தொடங்கியது. அது விட்ட ஒவ்வொரு அடிக்கும் ஜீப்னி ஓர் அடி முன்னேறியது. அதன் படிக்கட்டில் ஒரு கையால் தொங்கிக்கொண்டிருந்த ஆர்னெல், மை காயட்டும் என்று மற்றொரு கையால் தாளைக் காற்றில் உயர்த்திப் பிடித்திருந்தான்.