பொற்கொடி என்று வைத்துக்கொள்வோம்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் பக்கத்து வீட்டுப் பெண். சொல்லும்போதே நிபந்தனையும் போட்டாள்: "எழுதுங்கண்ணே. ஆனா என்னையக் கண்டுபிடிக்கிற மாதிரி எழுதாதீங்க."

எனவே பொற்கொடி என்று வைத்துக்கொள்வோம். செவிலியர். பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து… (அடித்துவிட்டேன்.) வேலை பார்த்த மருத்துவமனை புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்கு நேர்… (இதையும்.)

2

வளைகுடாவில் வேலை கிடைத்த சந்தோஷத்தில், பாஸ்போர்ட்டை விரித்துப் பிடித்து, வேலைக் கடிதத்தோடு படம் எடுத்து முகநூலில் போட்டாள். ஊரே வாழ்த்தியது. சில வாரங்கள் கழித்து ஒரு அழைப்பு.

"அக்கா, திருவரங்குளத்துலேர்ந்து சத்யபிரியா பேசுறேன். ஆதார் அனுப்பிட்டேன்ல, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கூரியர்ல போட்டுறவா? நீங்க ஆதார் கேட்ட அந்த நம்பர்ல எடுக்கல. நீங்க போட்ட போட்டோவுல, லெட்டர்ல ஒங்க நம்பர் தெரிஞ்சிச்சு, அதப் பாத்துக் கூப்புடுறேன்."

பொற்கொடி பதறிப்போய் இணைப்பைத் துண்டித்தாள். தேடிப் பார்த்தாள். அவள் பெயரில், அவள் போட்ட அதே படத்தோடு இன்னொரு பக்கம். "நான் போகும் இடத்துக்கே உங்களையும் அனுப்புகிறேன்" என்றது அது. கீழே வேலை தேடும் பெண்கள் தங்கள் கைபேசி எண்களை வரிசையாக எழுதியிருந்தார்கள்.

3

(இங்கே அவளைத் துணிச்சல்காரியாகக் காட்டி ஒரு பத்தி எழுதினேன். பொய். அவள் அழுதாள்.)

"வெளிய சொல்லாத. கெடச்ச வேலையும் போயிரும்" என்றான் கணவன் சரவணக்குமார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்யபிரியாவைத் திரும்ப அழைத்தாள். "அது நான் இல்ல தங்கச்சி. எதையும் அனுப்பாத."

"நீங்கதான் நெசம்னு எப்புடிக்கா நம்புறது? அவங்க பாஸ்போர்ட்டே காட்டுனாங்களே."

தான் தான்தான் என்று நிரூபிக்க, திருடனிடம் இல்லாத எது அவளிடம் இருக்கிறது? (இதை ஒரு கட்டுரையாக நீட்ட ஆசைப்பட்டேன். அவள் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. நான் மட்டும் எதற்கு?) பஸ் ஏறிவிட்டாள்.

திருவரங்குளத்தில், கூரியர் கவரும் கையுமாக வாசலில் நின்ற சத்யபிரியா அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"போட்டோவவிட எளச்சிருக்கீங்க."

"ஒன் போன் வந்ததுலேர்ந்து சோறு எறங்கல."

இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு சத்யபிரியாவின் முகம் வாடியது. "என் ஆதார் போயிருச்சேக்கா."

"போனதப் பூட்டுவோம். வா."

4

மாவட்ட சைபர் கிரைமில் இருவரும் புகார் கொடுத்தார்கள். வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி சத்யபிரியா ஆதாரில் தன் கைரேகைப் பதிவைப் பூட்டினாள். பொற்கொடி "அது நான் இல்லை" என்று தன் பக்கத்தில் வீடியோ போட்டாள். எண் எழுதியிருந்த பெண்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு அழைத்தார்கள். வளைகுடா மருத்துவமனைக்கும் நடந்ததைப் பொற்கொடியே எழுதினாள். சொன்னதற்கு நன்றி, புறப்பட்டு வாருங்கள் என்று பதில் வந்தது. போலிப் பக்கமும் ஒருநாள் காணாமல் போனது.

5

முடிவு அ: திருடன் பிடிபடுகிறான். (இன்னும் இல்லை.)

முடிவு ஆ: பொற்கொடி அதன்பின் எதையுமே பகிர்வதில்லை. (நேற்றுகூட கீரமங்கலத்து மல்லிகையைப் படம் எடுத்துப் போட்டாள். பூவுக்கு எண் கிடையாது.)

முடிவு இ: எல்லாப் பெண்களும் தப்பிக்கிறார்கள். இதை எழுதத்தான் ஆசை. ஆனால் ஒருத்தி மட்டும் அழைப்பை எடுக்கவேயில்லை. தெரியாத எண் என்று பயந்திருக்கலாம், நல்ல பழக்கம்தான். அவள் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பெண் இப்போது ஆதாரை மேசையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் பக்கத்தில் போய் உட்காருங்கள். யாருக்கு அனுப்புகிறாய் என்று கேளுங்கள்.

அவள் சொல்லும் பதிலிலிருந்து இந்த முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.