சம்பந்தி கொடுத்த மீன்

மவ்ஜூதா அக்காவின் மீனைத் தின்றது நான்தான். வாய் மட்டும் வேறொருவருடையது.

அந்த வாய் ஒரு ஆஸ்கர் மீனுடையது. உள்ளங்கை நீளம், கறுப்பில் செம்மஞ்சள் திட்டு, தாஷ்கந்தின் மொத்தக் கவலையையும் தானே சுமப்பது போன்ற முகம். வெள்ளிக்கிழமை மாலை நானே என் கையால் அதைத் தொட்டிக்குள் விட்டேன். திங்கள் காலை பார்த்தால் மற்ற மீன்களெல்லாம் மூலையில் ஒடுங்கிக் கிடக்க, அக்காவின் தேன்நிறக் கூராமி மீனை மட்டும் காணோம். ஆஸ்கர் மட்டும் விருந்து முடிந்து சாய்ந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரைப் போல ஓரமாக மிதந்துகொண்டிருந்தது.

நான் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின்களையும் அவற்றுக்கான தண்ணீரையும் பார்த்துக்கொள்பவன். எங்கள் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். ரத்தத்தின் பக்கமே அதை விட முடியாது. வடிகட்டி, மறுபடி வடிகட்டி, சோதித்த பிறகே மெஷினுக்கு அனுப்புவேன். நாள் முடிவில் மிஞ்சும் அந்தச் சுத்தமான நீரை வைத்து வந்த யோசனைதான் வார்டின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிற்கும் அறுநூறு லிட்டர் மீன்தொட்டி. வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் கையை அசைக்காமல் கிடப்பவர்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டாமா? ஆளுக்கொரு மீன் சொல்லுங்கள், வாங்கி விடலாம் என்றேன்.

சொன்னேனே தவிர, சொன்ன மறுநாளே தேர்வு அதிகாரி ஆகிவிட்டேன். முலாம்பழ வியாபாரி ஷோநசார் அண்ணன் டைகர் பார்ப் கேட்டார். அது மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்து வைக்கும், முடியாது. இன்னொருவர் தங்கமீன் கேட்டார். அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும், மற்றவை வெதுவெதுப்பில் வாழ்பவை, முடியாது. ஊசி குத்திக் கிடந்தவர்கள் நடுவே நின்று, "ஒண்ணோட வாய்க்குள்ள இன்னொண்ணு போற அளவுக்கு இருந்தா ரெண்டையும் ஒரே தொட்டியில விடக் கூடாது" என்று பாடம் வேறு எடுத்தேன்.

"ஒரு மீனு கேட்டா பொண்ணுக்கு வரன் பாக்குற மாதிரி குலம் கோத்திரம் விசாரிக்கிறானேப்பா!" என்றார் ஷோநசார் அண்ணன். கடைசியில் அவருக்குக் கிடைத்தது எட்டு நியான் டெட்ரா. அவை கூட்டமாகத்தான் வாழும் என்பதால் அவருக்கு லாபம்.

மவ்ஜூதா அக்கா முப்பது வருடம் டிராம் ஓட்டியவர். வீட்டில் யாருமில்லை. அவருடைய கூராமி சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஆனால் அவர் கட்டிலில் படுத்ததும் தொட்டியிலிருக்கும் மரவேரைச் சுற்றிக்கொண்டு கண்ணாடியருகே வந்து நிற்கும். "வந்துட்டான் பாரு, டிக்கெட் செக்கிங்" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த தொட்டியைப் பார்க்கத்தான் என் சம்பந்தி எர்காஷ் வந்தார். என் மகளுக்குக் கல்யாணமாகி நாற்பது நாள். தக்காளி ஊறுகாய் பாட்டிலில் ஆஸ்கரைப் போட்டு, பாட்டிலைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"எல்லாம் பொடிசா இருக்கே சம்பந்தி! இதுங்களுக்கு ஒரு தலைவன் வேணாமா?"

எனக்குத் தெரியும். பாட்டிலைப் பார்த்ததுமே அந்த வாயைத்தான் அளந்தேன். ஆனால் புதுச் சம்பந்தி கொண்டுவந்ததை வேண்டாமென்று திருப்பினால், அடுத்த வாரமே என் மகள் அந்த வீட்டில் தேநீர் ஊற்றும்போது யாராவது ஒரு பெருமூச்சு விடுவார்கள். "என்ன நிறம், என்ன கம்பீரம்!" என்றேன். நோயாளிகளிடம் முடியாது, முடியாது என்று சொன்ன அதே வாய்.

திங்களன்று மவ்ஜூதா அக்கா கேட்டார், "எங்க தம்பி, நம்ம செக்கிங்கைக் காணோம்?"

"அந்த மரவேருக்குப் பின்னாடி இருக்குக்கா. வெக்கம்."

அன்றே ஆஸ்கரைப் பிடித்து வடிகட்டி அறையில் ஒரு தொட்டிக்கு மாற்றினேன். கேட்டவர்களிடம் அதற்கு உடம்பு சரியில்லை என்றேன். சம்பந்தி போன் செய்து, "நம்ம பையன் சாப்பிடுறானா?" என்று விசாரித்தார். "நல்லா சாப்பிட்டான் சம்பந்தி" என்றேன். அந்த வாரம் நான் சொன்ன ஒரே உண்மை.

புதன்கிழமையும் வேருக்குப் பின்னால்தான். வெள்ளிக்கிழமை அக்கா பையிலிருந்து இரண்டு மூக்குக்கண்ணாடிகளை எடுத்தார். ஒன்றை மாட்டி, அதன் மேல் இன்னொன்றையும் மாட்டிக்கொண்டு, "தம்பி, கட்டிலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்களேன். வேருக்குப் பின்னாடி தெரியுதான்னு பாக்கறேன்" என்றார்.

திருப்பினேன். கட்டில் சக்கரத்தின் பூட்டை மாட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: சம்பந்தி, பாட்டில், தெரிந்தே நான் விட்டது, வேருக்குப் பின்னால் ஒன்றுமில்லாதது.

"சரி விடு, மீனுதானே" என்றார் ஷோநசார் அண்ணன்.

"சம்பந்தி குடுத்தா நாங்க மட்டும் என்ன செஞ்சிருப்போம்?" என்றார் தங்கமீன்காரர்.

நர்ஸ் எனக்கு ஒரு கோப்பை தேநீர் கொண்டுவந்தாள். அதுதான் பொறுக்க முடியவில்லை. எங்கள் ஊரில் குற்றவாளியைப் பிடித்தால் முதலில் தேநீர்.

மவ்ஜூதா அக்கா கண்ணாடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "அதோட ஆயுசு அவ்வளவுதான் தம்பி."

"அக்கா, மரியாதைக்குச் சொல்லாதீங்க. என் மேல கோபமா இல்லையா?"

"குழந்தை குட்டிக்காரர் நீங்க, உங்களைப் போய்..."

"அக்கா."

அவர் ஊசி குத்த வேண்டிய கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஆமா, கோபம்தான். மீனுக்காக இல்ல. மூணு வருஷமா நீங்க 'தண்ணி சரியா இருக்குக்கா'ன்னு சொன்னா கையை நீட்டுறேன். ஒரு நாளும் ஏன்னு கேட்டதில்ல. வேருக்குப் பின்னாடி இருக்குன்னும் அதே குரல்லதான் சொன்னீங்க. இனிமே உங்க பேச்சு எனக்குப் போதாது. சோதிச்ச காகிதத்தை எடுத்துட்டு வாங்க. பாத்துட்டு நீட்டுறேன்."