அண்ணனுக்கென்று கருக வறுத்தது

இருபத்திரண்டு வீடுகளுக்கு நான் காபிக் கொட்டை வறுத்துக் கொடுக்கிறேன். இருபத்திரண்டு வீட்டுக்கும் இருபத்திரண்டு விதமான நாக்கு. லைப்ரரி அம்மாவுக்குக் கொட்டை முதல் தடவை படபடவென்று வெடித்து அடங்கியதும் இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் புளிப்பு நிற்க வேண்டும். பஞ்சர் கடைக்காரருக்கு அதற்கு மேல் ஒரு நிமிடம். பல் டாக்டருக்கோ இரண்டாம் தடவையும் வெடித்து, எண்ணெய் கசிந்து, கன்னங்கரேலென்று வேண்டும். பல்லில் கறை பிடிக்கும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற மனிதர் வீட்டில் உட்கார்ந்து குடிப்பது தார். நான் எதுவும் கேட்பதில்லை. வறுப்பதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும்தான் என் தொழில்.

அப்படி வாயை மூடிக்கொண்டிருந்ததில்தான் வினை வந்தது.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். பல் டாக்டர் பையும் கையுமாக வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா குடுத்தீங்க? மூணு கப் குடிச்சேன். பேஷண்ட் வாயைத் திறந்து வச்சுக்கிட்டிருக்கார், அவருக்குப் போட்டியா நானும் கொட்டாவி விட்டுக்கிட்டு நிக்கிறேன்!"

"ராத்திரி ஒழுங்கா தூங்கியிருக்க மாட்டீங்க சார். பழியை என் கொட்டை மேல போடாதீங்க" என்றேன். என் வறுவலைக் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வெடுக்கென்று பையை வாங்கி, ஒரு கொட்டையைக் கடித்தேன்.

வெறும் கரி. கசப்புக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அது டாக்டருடைய கொட்டை இல்லை. என் அண்ணனுடையது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பெரிய ஹோட்டல் ஒன்றில் இருபத்தாறு வருஷமாகச் சமையல் மாஸ்டர். ஏழு மாதத்துக்கு முன்பு அவருக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. துடிப்பு சீராக நிற்கவில்லை, காபியை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். "காபி இல்லாம என்னை உயிரோட வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று அண்ணன் கட்டிலில் படுத்தபடியே எகிறினார். அண்ணி என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கஃபீன் எடுத்த கொட்டைன்னு ஒண்ணு வருதாமே. அதை வறுத்துக் குடு. டாக்டர் சரின்னுட்டார்னு நான் சொல்லிக்கிறேன். அவருக்குத் தெரியவே கூடாது."

சரி என்று தலையாட்டினேன். அந்தக் கொட்டை பச்சையாக இருக்கும்போதே சோகை பிடித்த நிறம். வெடிப்பதும் காதில் விழுந்தும் விழாமலும்தான் வெடிக்கும். அண்ணனுடைய நாக்கை ஏமாற்ற எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: கருக வறுப்பது. கருகிவிட்டால் எல்லாக் கொட்டைக்கும் ஒரே கசப்பு. வயிறு தாங்காது என்று கூடுதலாக வறுத்ததாகச் சொல்லிச் சமாளித்தேன்.

வறுத்த கொட்டை ஓர் இரவு வாய் திறந்த பையில் மூச்சு விட வேண்டும். வறுத்த வரிசையிலேயே அலமாரியில் வைப்பேன், பெயர் எழுதுவதில்லை. அதில் கறுக்க வறுத்தது இரண்டு பைதான். அண்ணனுடைய கொட்டையின் கரிவாசம் வறுக்கிற உருளையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைக் கடைசியில்தான் வறுப்பேன். கடைசிப் பை அண்ணனுக்கு, மற்றது டாக்டருக்கு. முந்தின நாள் அடுப்பில் காஸ் தீர்கிற மாதிரி இருந்தது. அண்ணனுக்கு இல்லாமல் போய்விடக் கூடாதே என்று அவருடையதை முதலில் வறுத்தேன். காலையில் கை பழக்கதோஷத்தில் கடைசிப் பையை எடுத்துவிட்டது. ஆறு மணிக்கு நானேதான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன், மகராசி.

அண்ணிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அண்ணனும் எடுக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

"என்னம்மா ஆச்சு? என் காபி?" என்று டாக்டர் பின்னால் கத்தினார்.

"காபி கிடக்கட்டும் சார்!"

நான்கு தெரு. மூன்று மாடி. ஐந்து மணி நேரத்தில் எத்தனை கப் குடித்திருப்பார் என்று படிக்குப் படி கணக்குப் போட்டுக்கொண்டே ஏறினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே ஏதோ பாட்டு முணுமுணுக்கிற சத்தம்.

அண்ணன் கண்ணாடி முன்னால் நின்று வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஹோட்டல் சமையலறைக்குப் போடுகிற கோட்டு. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. விரல் நடுங்கியதில் பொத்தான் துளையில் நுழைய மறுத்தது. மேஜையில் காலிக் கப்.

"வாடி வா! உன்னைத்தான் நெனச்சேன். நாக்கு வந்துடுச்சு!"

"என்னண்ணா சொல்ற?"

"ஏழு மாசமா செத்துக் கிடந்த நாக்குடி. யார்கிட்டயும் சொல்லலை, உங்க அண்ணிகிட்டகூட. ஆபரேஷன்ல எங்கியோ போயிடுச்சுன்னு நெனச்சேன். இன்னைக்குக் காலைல மொதல் வாய் குடிக்கிறேன், கசப்புக்குப் பின்னாடி இனிப்பு வருது, அதுக்குப் பின்னாடி புகை வருது! நெசந்தானான்னு பாக்க இன்னொரு கப். அப்புறமும் நம்பிக்கை வரலை. நாலு கப் ஆச்சு!"

சமையலறைக்குள் நுழையும் முன் பாலும் சர்க்கரையும் இல்லாத காபியில் நாக்கைச் சோதித்துப் பார்ப்பது அண்ணனுடைய வழக்கம். ஜலதோஷ நாளில் அந்தக் காபி சரியாகப் படவில்லை என்றால் உப்புப் பார்க்கிற வேலையைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிடுவார். இது எனக்குத் தெரியும். தெரிந்துமா என் மரமண்டைக்கு உறைக்கவில்லை? நான் கரியாக்கிக் கொடுத்ததில் தினமும் நாக்கைச் சோதித்திருக்கிறார். வீட்டிலோ உப்பில்லாத பத்தியச் சாப்பாடு. எதுவும் தெரியாத நாக்கு செத்த நாக்கு என்று முடிவு கட்டிவிட்டார். எப்போது வேலைக்குப் போவாய் என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம் தெம்பு வரட்டும்" என்பார். நானும் உடம்புதான் காரணம் என்று நம்பினேன்.

"கையைக் குடுண்ணா" என்று மணிக்கட்டைப் பிடித்தேன். விரலடியில் துடிப்பு நாலு தடவை துள்ளி, ஒரு தடவை நின்று, மறுபடி துள்ளியது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம். உடனே."

"எதுக்கு? சந்தோஷத்துல அடிக்குது. பன்னெண்டு மணிக்கு ஹோட்டல்ல இருக்கேன்னு சொல்லியிருக்கேன்."

"சந்தோஷம் இல்லண்ணா. காபியால அடிக்குது."

"தினமும் குடிக்கிற காபிதானே? இன்னைக்கு மட்டும் என்ன?"

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்த அண்ணி வாசற்படியில் நின்றார். என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. சொல்லாதே, சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். "அவதான் இவ்வளவு சொல்றாளே, ஒரு எட்டுப் போயிட்டு வந்துடலாங்க" என்றார்.

"ரெண்டு பேரும் தள்ளுங்க." அண்ணன் குனிந்து ஷூவை எடுத்தார். குனிந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி அப்படியே நின்றார். அதைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"தினமும் குடிக்கிற காபி இல்லண்ணா அது. ஏழு மாசமா நீ குடிச்சதுல கஃபீனே கிடையாது. உனக்குத் தெரியக் கூடாதுன்னு கருக்கிக் குடுத்தேன். இன்னைக்குப் பை மாறிடுச்சு. நீ குடிச்சது பல் டாக்டரோட நெசமான காபி."

ஒற்றை ஷூவைக் கையில் பிடித்தபடி அண்ணன் என்னையே பார்த்தார். திட்டுவார், ஷூ பறந்து வரும் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"அப்போ என் நாக்கு?"

"அதுக்கு ஒண்ணும் ஆகலைண்ணா. எப்பவுமே ஆகலை."

நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"போன வெள்ளிக்கிழமை எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். "இனிமே என்னால ருசி பாக்க முடியாது, வேற ஆள் வச்சுக்கோங்கன்னு. முதலாளி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். காலைல போன் பண்ணினா, புது மாஸ்டர் வந்து நாலு நாளாச்சாம். பரவால்லை, ரெண்டாவது ஆளா நிக்கிறேன்னு கெஞ்சி வாங்கியிருக்கேன்."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார். அண்ணன் ஷூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

ஊசி போட்டு, மார்பில் வயரை ஒட்டிச் சாயங்காலம் வரை படுக்க வைத்தார்கள். துடிப்பு வழிக்கு வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் அண்ணியையும் என்னையும் பிடிபிடியென்று பிடித்தார். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுடுண்ணா" என்றேன்.

"உயிர் போயிடக் கூடாதுன்னுதான் செஞ்சீங்க. அது புரியுது" என்றார், திரும்பாமலே. "சொல்லியிருந்தா கத்தியிருப்பேன். ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்திருப்பேன். அப்புறம் குடிச்சிருப்பேண்டி. என்னை ஏன் சின்னப் பிள்ளைன்னு முடிவு பண்ணீங்க?"



அடுத்த வாரம் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். நேராக அடுப்படிக்குப் போனார்.

"அந்தக் கொட்டையை எடு. கருக்காதே."

உருளையைச் சுற்றினேன். அண்ணன் பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டார். அரைகுறையாக இரண்டு வெடி கேட்டதுமே "எறக்கு" என்றார். நானாக இருந்தால் அவ்வளவு சீக்கிரம் இறக்கத் துணிந்திருக்க மாட்டேன். ஓர் இரவு வைக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அரைத்து, வெந்நீர் ஊற்றி, வடிகட்டிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

"மட்டம்" என்றார். இன்னொரு வாய் குடித்தார். "வைக்கோல் வாசனை. ஆனா அடியில லேசா ஒரு இனிப்பு இருக்கு."

"நாளைக்கு அரை நிமிஷம் கூட வச்சுப் பாக்கட்டுமா?"

"வச்சுப் பாரு. என்ன குடுக்கறேன்னு சொல்லிட்டுக் குடு."

கப்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நேரமாச்சு என்று கிளம்பினார். வெங்காயம் வெட்ட ஆள் குறைகிறதாம், புது மாஸ்டர் ஏழரைக்கே வரச் சொல்லியிருந்தார்.