துடைத்த வளையம்

நாலு மணிக்குக் கூட்டம். பதினொன்று ஆகியும் திரையில் கோடு எழவில்லை. ஆய்வாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள்.

ஆட்டு மூச்சுக்குழாயை வளையங்களாக நறுக்கி, உடல் சூட்டிலுள்ள உப்பு நீரில் கொக்கியில் மாட்டுவது அங்கே தினசரி வேலை. நரம்பு நுனிகள் சுரக்கும் பெப்டைடு என்ற புரதத் துணுக்கை ஒரு சொட்டு விட்டால் தசை சுருங்கும், கோடு ஏறும். மூன்று மாதமாக விறுவிறுவென்று ஏறியது. 'இந்தப் பெப்டைடு ஒன்றே போதும், மூச்சை நெரித்துவிடும்' என்று இன்று பேசப்போகிறாள். பேச்சு எடுபட்டால்தான் வேலை நீடிக்கும். இன்றைக்கென்று பார்த்து, கோடு சோம்பல் முறித்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

பெப்டைடு கெட்டுவிட்டதோ என்று புதுக் குப்பி திறந்தாள். அதே கதை. மாறியது ஒன்றுதான்: வளையம் நறுக்கும் உதவியாளர் விடுப்பு, இவளே நறுக்கினாள். அவருக்குப் பட்டப்பெயர் 'பளிச்'. மேசையைத் துடைத்துவிட்டு, துடைத்த துணியையும் துடைக்கிற மனிதர். அவருக்கு போன் போட்டாள்.

"அண்ணே, வளையத்தை நறுக்கினதும் என்ன செய்வீங்க?"

"என்னம்மா செய்வேன்? உள்ளே கொழகொழன்னு ஒரு சவ்வு இருக்குமே, பஞ்சால அழுத்தித் துடைச்சிருவேன். அழுக்கோட எப்படி மாட்டுறது?"

இன்று அவள் துடைக்காமலே மாட்டியிருந்தாள். பெப்டைடை வெட்டிப்போடும் நொதி இருப்பதே அந்தச் சவ்வில்தான். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டுத் திருடனின் வீரத்தை அளந்திருக்கிறாள்! சுத்தம் சோறு போடும் என்பார்கள். இந்தச் சுத்தம் இருக்கிற சோற்றையும் பிடுங்கப் பார்த்தது.

ஒரு வளையத்தைத் துடைத்து மாட்டினாள். ஒரு சொட்டு. கோடு ஜிவ்வென்று ஏறியது. அவளுக்கு அழுகை வந்தது.

வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? பழைய கோட்டுப் படங்களைக் காட்டினால் கை தட்டுவார்கள். ஆனால் தம்பி நினைவுக்கு வந்தான். சளி போன பிறகும் வாரக்கணக்கில் அவனுக்கு இழுப்பு நிற்காது. 'சளிதான் போயிடுச்சே, நடிக்காதே' என்று எத்தனை தடவை திட்டியிருப்பாள்! சளி அவன் சவ்வைத் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவனை அழைத்தாள்.

"இழுப்பு எப்படிடா இருக்கு?"

"ஏன், நடிக்கிறேன்னு சொல்லவா?"

"இல்லடா. நான்தான் தப்பு."

நாலு மணிக்கும் அதே வார்த்தையில்தான் பேச்சைத் தொடங்கினாள். உதவியாளர் பெயரை எடுக்கவில்லை. யாரும் கை தட்டவில்லை.

வெளியே வந்ததும் போன் அடித்தது. பளிச்தான்; செய்தி எப்படியோ எட்டியிருந்தது. "என்னால உங்க வேலை போயிடுச்சாம்மா?"

"முடிவு இன்னும் சொல்லலை அண்ணே. நாளைக்குச் சீக்கிரம் வாங்க. பாதி வளையத்தைத் துடைங்க. பாதியை, கும்பிட்டுக் கேக்கறேன், தொடாதீங்க."