செத்த வல்லூறு எழுந்த ரீல்

1

கிட்ட வாங்க கண்ணுகளா. ஃபேன் போடுகிற சத்தத்தில் என் குரல் உங்களுக்குத் தப்பிவிடும். ஒரு படத்தின் கதை சொல்லப்போகிறேன். அது முடிந்து திரையில் ‘வணக்கம்’ போட்ட பிறகு நடந்த கதை.

இது எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு திண்டுக்கல்லில் ‘சாம்பல் வல்லூறு’ என்று தமிழ் பேசும் இங்கிலீஷ் சண்டைப்படம் ஒன்று ஓடியது. நாங்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கிழித்த காமிக்ஸிலிருந்து எடுத்தது. முகமூடிக்காரன் கோபுரத்திலிருந்து விழுந்து செத்தான். ‘வணக்கம்’ வந்தது. செருப்பைத் தேடி எழுந்தோம். திரையில் மறுபடி அவன்! வில்லனைப் புரட்டி எடுத்து, பைக்கில் சிரித்துக்கொண்டே போனான். நின்றபடி கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

நான் கண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் இட்டுக்கட்டியது.

2

அப்பாஸ் அந்தத் தியேட்டரின் தலைசிறந்த ஆபரேட்டராக—

(வேண்டாம். தலைசிறந்தவரென்றால் கதையே கிடையாது.)

அப்பாஸ் அன்று கடைசி ரீலை அதற்கு முந்தின ரீலுக்கு முன்னால் மாட்டிவிட்டார். ‘வணக்கம்’ விழுந்த பிறகுதான் உறைத்தது. மிச்சத்தை ஓட்டிவிட்டு, தப்பு நடந்ததை யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்துகொண்டார். ஆனால் கூட்டத்தில் இருந்த நுஸைபா பிற்பாடு அவருக்கே மனைவியாக வந்தாள். தியேட்டரை இடித்தபோது முடங்கிக் கிடந்தவரை, “வல்லூறே செத்து எந்திருச்சான், நீங்க பாயவிட்டு எந்திரிக்க மாட்டீகளா?” என்று எழுப்பியவள் அவள். போன வருடம் தன் இருதய ஆபரேஷனுக்குப் போகும்போதும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனாள்.

இனி அவள் மனசில் பதிந்த அந்த முடிவை யார் அழிப்பது?

3

ஞாயிற்றுக்கிழமை மகள் இஃப்பத் அந்தப் படத்தை டிவியில் போட்டுவிட்டாள். அப்பாஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“என்ன அத்தா நெளியுறீக? மூட்டப்பூச்சியெல்லாம் தியேட்டரோட போச்சுல்ல?” என்று அப்பாவைச் சீண்டினாள் மகள்.

சண்டை வந்தது. பைக் போனது. “இது பொறவுல்ல வரணும்?” என்றாள் நுஸைபா. அப்பாஸ் முறுக்கைக் கடித்தார்.

அவன் கோபுரத்திலிருந்து விழுந்தான். பெயர்கள் ஓடின. ரிமோட்டை எடுத்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள் நுஸைபா.

“செத்தப் பொறுடீ. இப்ப எந்திரிப்பான்.”

பெயர்களும் தீர்ந்தன.

(இந்த இடத்தில் கரண்டை நிறுத்திப் பார்த்தேன். கோழைத்தனம். ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று அவளைச் சிரிக்கவும் வைத்தேன். நுஸைபா அப்படிப்பட்ட நடிகை இல்லை, அதையும் அடித்துவிட்டேன். மூன்றாவது தடவை எழுதியபோது அவளாகவே பேசினாள்.)

“ரீல மாத்திப்புட்டாய்ங்க!” நுஸைபாவுக்குக் கோபம். “இம்புட்டுப் பெரிய கம்பெனி, ஒழுங்கா ஓட்ட ஒரு ஆபரேட்டர் இல்ல பாரு. நீங்க இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமாங்க?”

அப்பாஸ் முறுக்கை விழுங்கினார். “நுஸைபா, வந்து...” என்று தொடங்கினார்.

4

அதற்கு மேல் எழுதிய எதுவும் எனக்கு நிற்கவில்லை. உண்மையைச் சொல்ல வைத்தால், அவளை எழுப்பிவிட்ட ஒன்றைப் பிடுங்கியவளாகிறேன். மறைக்க வைத்தால், பாவம், அந்த மனுஷன் இன்னும் எத்தனை நாள்தான் நெளிவார்?

அவர் வாய் திறந்தபடி இருக்கிறது. அந்த வாயில் என்ன வார்த்தையை வைப்பதென்று நீங்களே முடிவு செய்யுங்கள். எதை வைத்தாலும், உங்கள் வீட்டில் விழுந்தவர்கள் எழுந்திருக்கட்டும். எழுப்புகிற ஒரு குரல் எப்போதும் உள்ளே இருக்கட்டும்.