சஹ்ராவின் கேடயம்

வெள்ளிக்கிழமை மக்லூபாக் கறிச்சோற்றைச் சாப்பிட்ட கையோடு அம்மான் நகரில் பாதி ஊர் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தலால் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் அவள் தங்கையின் உயிர் குறைந்துகொண்டே வந்தது.

தங்கை சுஹாதுக்கு ஒன்றுமில்லை. நால்வர் இணையத்தில் கூடி ஆடும் கதை விளையாட்டில், சுஹாத் ஏற்றிருந்த சஹ்ரா என்ற வைத்தியச்சிதான் சாகக் கிடந்தாள். ஆனால் தலாலுக்கு இரண்டும் ஒன்றுதான். தெற்கே கடற்கரை ஊரான அகபாவில் சுஹாதுக்கு ஓட்டல் வேலை கிடைத்தபோது, அவளைக் கேட்காமலே ஓட்டலுக்குப் போன் போட்டு, அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டாள் தலால். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கை பக்கத்தில் இருந்தால் அவளுக்கும் நல்லது என்ற நினைப்பு. நல்லதாம்! சுஹாத் வேறு ஓட்டலைப் பிடித்து அகபாவுக்கே போய்விட்டாள். அன்றோடு அக்காவிடம் பேச்சை நிறுத்தியவள்தான். வெள்ளிதோறும் சஹ்ரா மட்டும், தலால் ஆடும் ஒற்றைக்கண் திருடனிடம் பேசுவாள். சஹ்ரா செத்தால் அதுவும் போச்சு. செத்தவர்கள் புது ஆளாகத் திரும்பி வரலாம்தான். சுஹாத் வருவாளா?

"பூதம் ஈட்டியை எறியுது. அடி பதினொண்ணு," என்றான் கதையை நடத்தும் ஹாஸிம். "சஹ்ராவோட கேடயம் பூஜ்யம். அப்படியே உடம்புல இறங்குது."

"பூஜ்யமா? சண்டைக்கு முன்னாடிதானே புதுக் கேடயம் வாங்கினேன்! பன்னெண்டுன்னு போட்டிருக்கேன், கண்ணு தெரியலையா?"

"எனக்குத் தெரியுது. ஷீட் பூஜ்யம்னுதான் கூட்டுது."

"ஷீட் பண்ணினவங்களுக்கு என்னைக் கவுக்கறது பழக்கம்தானே," என்றாள் சுஹாத்.

அது தலாலுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆளுக்கொரு கேரக்டர் ஷீட். பலம், உயிர், கேடயம் எல்லாவற்றுக்கும் அதில் பெட்டி உண்டு. எண்ணைப் போட்டால் அதுவே கூட்டிக் கழித்துவிடும். ஆங்கிலத்தில் கிடைத்த ஷீட் பிடிக்காமல், வலமிருந்து இடமாகப் பெட்டிகளைத் திருப்பி, அரபியில் தலாலே செய்தது இது. அவசரமாக அதன் உள்ளே இருக்கும் நிரலைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். அகப்பட்டது. சுஹாதின் லேப்டாப் பழுது. இன்று போனில் ஆடுகிறாள். போன் பன்னிரண்டை ١٢ என்று அரபி எண்களில் போட்டிருக்கிறது. ஷீட்டுக்கோ ஆங்கில எண்களைத் தவிர வேறெதுவும் தெரியாது. அரபி ஷீட் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவளுக்கு, அரபி எண்களை அதற்குச் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை!

ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. எல்லாம் சுஹாதின் நல்லதுக்குத்தான்.

விரல் அப்படியே நின்றது. அன்றைக்குப் போனைக் கையில் எடுத்தபோதும் இதையேதான் சொல்லிக்கொண்டாள்.

"டீயை ஒரு மடக்கு குடிச்சுட்டு அடுத்த ஈட்டி," என்றான் ஹாஸிம். மைக்கில் கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது. "ஆச்சு. யல்லா, ஆரம்பிக்கலாம். பகடையை உருட்டறேன்."

"இரு!" என்று தலால் குறுக்கிட்டாள். "சுஹாத், தப்பு என் ஷீட்லதான். நீ போன்ல போட்ட எண் அதுக்குப் புரியலை. ஒரு வரி மாத்தினா சரியாயிடும். மாத்தட்டுமா? நீ சொன்னாத்தான் செய்வேன். சொல்லலைன்னா தொடமாட்டேன்."

"சண்டை நடுவுல எண்ணுல கை வைக்கக்கூடாது!" என்று நாலாவது ஆளான முன்தஸிர் கத்தினான். "என் உயிரை ரெண்டு கூட்டிக்கிட்டதுக்கு ஒரு மாசம் கழுதைன்னு கூப்பிட்டீங்களே!"

"நீ கழுதையேதான். சும்மா இரு," என்றான் ஹாஸிம். "சுஹாத், இது வேற. நீ சரின்னா நானும் சரி."

அகபாவிலிருந்து மின்விசிறியின் இரைச்சல் மட்டும் வந்தது.

"வேண்டாம்," என்றாள் சுஹாத். "சட்டம் எனக்கும்தான். உருட்டு."

பகடை உருண்டது. பதினைந்து. ஹாஸிம் குரலைத் தாழ்த்தி, சஹ்ரா மணலில் சாய்ந்ததைச் சொன்னான். தலால் மைக்கை அணைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இனி சுஹாத் கிளம்பிவிடுவாள். அன்றைக்கும் இப்படிக் கேட்டிருந்தால் அவளை இழந்திருக்க வேண்டாமே, பாவி நான்!

ஆனால் திரையில் சுஹாதின் பெயர் போகவில்லை.

"எனக்குப் புது ஆள் வேணும். புது ஷீட்டும் வேணும்," என்றாள் அவள். சஹ்ராவின் குரல் இல்லை, சொந்தக் குரல். "அக்கா, சாயங்காலம் போன் பண்ணு. எனக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு, அப்புறம் செய்."

"பண்றேன்! பண்றேன்டீ!" என்று தலால் கத்தினாள்.

எந்தப் பதிலும் வரவில்லை.

"பேசமாட்டியா?" சுஹாதின் குரல் இறங்கிப்போயிருந்தது. "அக்கா?"

"மைக்கைப் போடு, தலால்!" என்று ஹாஸிம் அலறினான். "தாயே, மைக்கைப் போடு!"