சரிவு முனை

அந்த வருடம் நர்சரிக்காரம்மாவின் கடைசிப் பாத்தியில் ரோஜாக்கள் மண்ணுக்குள் பூத்தன. மேலே வெள்ளை வேர்கள் காற்றில் ஆடிக்கொண்டு நின்றன. பார்த்தவர்கள், மழை பருவம் தப்பிப் பெய்ததால் இருக்கும் என்றார்கள். அதற்குமேல் மண்டையை உடைத்துக்கொள்ள ஊரில் யாருக்கும் நேரமில்லை. காரணம் அந்தம்மாளுக்குத் தெரியும். குச்சிகளைத் தலைகீழாக நட்டவள் அவள்தான்.

காலமெல்லாம் குச்சி வெட்டி நட்டவள் செய்கிற தப்பா அது? இலை உருவிய குச்சிக்குத் தலை எது, கால் எது என்று சட்டெனத் தெரியாது. அதனால் அவள் அடிமுனையைச் சரிவாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டுவாள். நடும்போது கண்ணை மூடிக்கொண்டு சரிவை மண்ணில் செருகலாம். கூடவே வேலை பார்த்த மகள், வாடிக்கையாளர்கள் வாயாடி என்று கூப்பிடும் ஒற்றைப் பிள்ளை, அதற்கு நேர்மாறு. "மேல சரிவா இருந்தாத்தாம்மா தண்ணி தேங்காது, குச்சி அழுகாது" என்பாள். இரண்டுமே சரியான முறைதான் என்பதால் சண்டை ஓயவே இல்லை. ஒருநாள் அவள் ஒரு கட்டு ரோஜாக் குச்சியைத் தன் இஷ்டத்துக்கு வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி வைத்தபோது, தாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உன் குச்சிய நீயே நட்டுக்கோ. நான் தொடமாட்டேன்." "நீ ஒண்ணும் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தவள்தான். காய்ச்சல் அவளை எழுந்திருக்க விடவில்லை.

மகளைப் புதைத்துவிட்டு வந்தவள் அந்தச் சாக்கைப் பிரித்தாள். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. கை தன் பழக்கத்தில் சரிவு முனைகளையெல்லாம் மண்ணில் செருகிவிட்டது. கணுவில் முளைக் கண்கள் கீழ்நோக்கி இருப்பதைக் கவனித்தபோது காலம் கடந்திருந்தது. இனிப் பிடுங்கித் திருப்பினால் உள்ள உயிரும் போய்விடும். மகள் கைபட்ட கடைசிக் குச்சியையும் கொன்றுவிட்டேனே என்று பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

குச்சிகள் சாகவில்லை. கிளைகள் கீழே இறங்கி, தெருவுக்கு அடியில் புகுந்து, இடுகாட்டுப் பக்கமாகப் போயின. குழாய் சரிசெய்யத் தோண்டியவர்கள் முள் குத்தித் திட்டினார்கள். தார்ச்சாலை ரோஜா மணம் வீசியது. எறும்புகள் சிவப்பு இதழ்களை வெளியே இழுத்து வந்தன. "வெட்டி எறிஞ்சிட்டு வேற ஏதாவது நடுங்கம்மா" என்றார் பக்கத்து உரக்கடைக்காரர். "போற எடத்துக்குப் போகட்டும்ணே" என்று சொல்லிவிட்டு வேர்களுக்குத் தண்ணீர் தெளித்தாள். பூ போய்ச் சேர்ந்ததா, மகள் கோபம் தீர்ந்ததா என்ற நினைப்பிலேயே வருடங்கள் போயின. கேட்கத்தான் ஆளில்லை.

ஒரு காலையில் இடுகாட்டில் குழி வெட்டுபவர் வந்தார். "உங்க பொண்ணுக்குப் பக்கத்துல தோண்டினேம்மா. இது கெடந்துச்சு" என்று ஒரு குச்சிக்கட்டை நீட்டினார். பச்சை மாறாத ரோஜாக் குச்சிகள், வேர் நாரால் கட்டப்பட்டிருந்தன. அடிமுனை நேர், மேல்முனை சரிவு. அந்தச் சரிவை அவள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இன்னும் சொன்னபேச்சு கேக்க மாட்டேங்கறா" என்றாள்.

இந்த முறை சரிவை மேலே வைத்து நட்டாள். அவை எல்லா ரோஜாக்களையும்போல மேல்நோக்கி வளர்ந்து பூத்தன. விலை கேட்பவர்களிடம், "இது விக்கறதுக்கில்ல. அடுத்த வருஷம் கூடுதலா வெட்டி அனுப்பினாள்னா பாக்கலாம்" என்பாள். அவர்களும் சரியென்று தலையாட்டிவிட்டு வேறு செடி பார்ப்பார்கள்.